வாளியில் கரைந்த கல்

விண்கற்களின் வகைகள் பற்றியும் அவை எங்கிருந்து வருகின்றன என்பது பற்றியும் மாணவர்களுக்கு விளங்கும்படி எழுதித் தாருங்கள் என்று ஒரு கல்லூரியின் விஞ்ஞான மன்றத்தார் கேட்டிருக்கிறார்கள். "ஊக்கமளிக்கும் வகையில்" என்ற சொற்களுக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறார்கள். வகைகளை எழுதலாம், அதற்கு இரண்டு பக்கம் போதும். ஊக்கத்துக்கு அவர்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடம் கல் பரிசோதித்தவன் நான். அந்தக் காலம் முழுவதிலும் ஒரேயொரு முறைதான் வானத்திலிருந்து விழுந்த கையோடு ஒரு கல் என்னிடம் வந்தது. அதை நான் அழித்தேன். பிறகு அதைக் கொண்டுவந்த மனிதரையும் அழித்தேன். இந்த இரண்டையும் விட்டுவிட்டு விண்கல்லைப் பற்றி எழுத எனக்கு வராது. மன்றத்தார் விரும்பினால் போடட்டும், விரும்பாவிட்டால் கிழித்தெறியட்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு வேலையில் சேர்ந்தேன். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி. தராசு பிடிக்க, அமிலம் ஊற்ற, பெட்டிக்கு இலக்கம் எழுதப் பழக்கி, 'ஆய்வுகூட உதவியாளர்' என்று பெயரும் தந்து ஊருக்கு அனுப்பினார்கள். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த மொழியில் பரீட்சை தேறினால்தான் வேலை நிரந்தரமாகும் என்று பின்னர் அறிவித்தார்கள். நான் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டேன். இதை இங்கே சொல்வது முறையிடுவதற்காக அல்ல. பிற்காலத்தில் நான் வைத்த ஒரு கையெழுத்துக்கு இதையும் ஒரு சாட்டாக வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் கந்தோர், மண்ணியல் திணைக்களத்தின் கிளை அலுவலகம், சுன்னாகத்தில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, வாடகை வீடு ஒன்றில் இருந்தது. முன்னறையில் இலிகிதரும் கோப்புகளும், பின்னறையில் நானும் தராசும். எங்கள் வேலை சுண்ணாம்புக் கல்லும் கிணற்று நீரும். யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே சுண்ணாம்புக் கல்தான். கறுத்த கல், பாரமான கல் என்று ஒன்று இந்த மண்ணில் பிறப்பதில்லை. அப்படி ஒன்று தோட்டத்தில் கிடந்தால் அது எங்கிருந்தோ வந்ததுதான். ஆகையால் சனங்கள் அதை வானத்திலிருந்து விழுந்தது என்று எங்களிடம் கொண்டு வந்து விடுவார்கள். நாங்கள் பார்த்தால் அது சீமெந்துச் சூளையில் வெந்த கட்டியாக இருக்கும். அல்லது கொல்லன் உலையில் கழித்த இரும்புக் கசடு, பாய்க்கப்பலில் பாரத்துக்கு ஏற்றி வந்து கரையில் கொட்டிய பிறதேசத்துக் கல். ஒருவர் உடைந்த அம்மிக் குழவியின் துண்டை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். குழவி என்று சொன்னதற்கு என்னுடன் சண்டைக்கு வந்துவிட்டார்.

மேலதிகாரி குணநாயகம் ஐயா. மண்ணியல் படித்தவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கும். அவர் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெல்லக் கதைப்பார். கோபம் எவ்வளவு என்பதை நாங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் அளக்க வேண்டும். கழுவாத கல்லை அவர் தொடமாட்டார். செம்மண் அப்பிய கல்லை மேசையில் வைத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"முகம் கழுவாத பிள்ளையை ஆரும் தூக்குவினமோ?" என்பார். அந்தக் கந்தோரின் முதலாவது சட்டம் அது.

எங்கள் ஒழுங்கு இப்படி. கல் வந்ததும் பதிவேட்டில் இலக்கம். பிறகு வாளித் தண்ணீரில் ஊறப் போடுவது. எங்களூர்ச் செம்மண் சந்து பொந்தெல்லாம் ஏறிப் பிடிக்கும், ஊறாமல் போகாது. ஊறியதும் பழைய பல் பிரஸ்ஸால் உரசிக் கழுவி, சாக்கில் பரப்பி வெயிலில் உலர்த்துவது. பிறகு ஒரு துளி அமிலம். நுரைத்தால் சுண்ணாம்பு, அத்துடன் கதை முடிந்தது. நுரைக்காவிட்டால் நூலில் கட்டிய காந்தத்தைக் கிட்டப் பிடித்து அது சாய்கிறதா என்று பார்ப்பது. மெருகில்லாத ஓட்டில் உரசி என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று பார்ப்பது. கடைசியாகக் காற்றில் ஒரு நிறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு நிறை. சேர்ந்த நாளிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

ஒருமுறை பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து கடலோடிக் குடும்பத்து முதியவர் ஒருவர் ஓர் இரும்புக் கட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தகப்பனார் பர்மாவுக்குப் பாய்க்கப்பலில் போன காலத்தில் அங்கே வாங்கியதாம். வீட்டில் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். துருவைத் தட்டியதும் ஐயாவின் முகம் மாறிவிட்டது. ஒரு மூலையை வாளால் அறுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அறுத்த முகத்தை அரத்தாலும் மண் கடதாசியாலும் கண்ணாடியாக்கி, நைத்திரிக் அமிலத்தை மதுசாரத்தில் கலந்து மெல்லப் பூசினோம். சாம்பல் முகத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கோடுகள் எழும்பின, இழைத்த பாயைப் போல.

"பாரும்," என்றார் ஐயா, மிக மெல்ல. இந்த முறை அது கோபமில்லை. "பூமியிலை எந்த உலையிலையும் உந்தக் கோடு விழாது. ஒரு சின்னக் கிரகத்தின்ரை வயித்துக்குள்ளை உருகிக் கிடந்த இரும்பு, லட்சக்கணக்கான வருசமா ஆறி ஆறி வந்தால்தான் விழும்."

அன்று பின்னேரம் அவர் எனக்கு முழுவதையும் சொன்னார். மாணவர்களே, நீங்கள் கேட்ட வகைகள் இவைதான். இரும்பு ஒன்று, அது உடைந்துபோன சிறு கிரகத்தின் நடுவயிறு. இரும்பும் கல்லும் கலந்தது இன்னொன்று. மிக அரிது, வெட்டினால் இரும்புக்குள் பச்சை மணிகள் பதிந்திருக்கும். மூன்றாவது கல். விழுவதில் பெரும்பங்கு அதுதான். உடைத்துப் பார்த்தால் கடுகளவு உருண்டைகள் தெரியும், மேற்தோல் காற்றில் உருகிக் கறுத்திருக்கும். கல்தான் அதிகம் விழுகிறது என்றாலும் சனங்கள் கண்டெடுப்பது இரும்பைத்தான். இரும்பு கண்ணில் படும், கல் கல்லோடு கல்லாய்க் கிடந்துவிடும். ஏறத்தாழ எல்லாமே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறிய துண்டுகள். கல் வகைக்குள்ளேயே கரி போன்ற ஓர் இனம் உண்டு. அதற்கு ஐயாவின் புத்தகத்தில் அரைப் பக்கந்தான் இருந்தது. "எங்கடை ஆயுளிலை உது வராது," என்று அவர் பக்கத்தைத் திருப்பினார். நானும் அதை வாசிக்கவில்லை.

கடலோடி முதியவர் அறுத்த மூலையை எங்களுக்கு விட்டுவிட்டு மிச்சக் கட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். கதவு அடிபடுகிறதாம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கமக்காரர் ஒருவர் பனையோலைப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தியபடி வந்தார். அச்சுவேலிக்கு அப்பால் அவருடைய ஊர், பெயர் வல்லிபுரம். ஐயா வெளியே கிணறு பார்க்கப் போயிருந்தார். பெட்டிக்குள் வாழைச் சருகு மெத்தை போல் வைத்து, நடுவில் விளாம்பழம் அளவில் ஒரு கறுத்த கட்டி இருந்தது.

"தம்பி, உது மேலையிருந்து விழுந்தது. நான் கண்டனான்."

"எங்கை விழுந்தது அண்ணை?"

"எங்கடை வெங்காயப் பாத்திக்குள்ளை, தண்ணி பாயாத காஞ்ச இடத்திலை, முந்தநாள் காலமை. எனக்கு இறைப்பு முறை. தண்ணி கட்டிக்கொண்டு நிக்கேக்கை டமார் எண்டொரு சத்தம். பேந்து ஒரு இரைச்சல். நிமிந்து பாக்க, புகை இழுத்த மாதிரி ஒரு கோடு. பொத்தெண்டு விழுந்திட்டுது."

"வேறை ஆரும் கண்டவையோ?"

"ஒருதரும் இல்லை. ஊர் முழுக்கக் கோயில் தேர் பாக்கப் போயிட்டுது. சத்தம் எல்லாருக்கும் கேட்டதுதான். கோயில் அதிர்வேட்டெண்டு நினைச்சிருக்கினம். நான் சொன்னால் சிரிக்கினம்."

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கல்லுக்கு விலை கேட்பார் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

"ஒரு கடதாசி வேணும். உது வானத்திலையிருந்து வந்ததுதான் எண்டு கந்தோர் முத்திரையோடை ஒரு கடதாசி தந்தால் காணும், கல்லை நீங்களே வச்சிருங்கோ. எங்கடை பங்குக் கிணறு, தம்பி. ஐஞ்சு குடும்பம். முறை சொல்லுறது நான். மணிக்கூடு பாக்கிறேல்லை. துலாக்காலின்ரை நிழலைப் பாத்து நான் போதுமெண்டால் ஒருத்தன் தண்ணி இறைக்கிற மிசினை நிப்பாட்டுவான், மற்றவன் தொடங்குவான். என்ரை வாயிலை ஒரு பொய் வந்ததெண்டால் ஐஞ்சு குடும்பத்தின்ரை தண்ணி முறையும் பிழையாப் போம்."

ஒரு வாரத்தில் கடிதம் வரும் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி, "கையாலை கனக்கத் தொடாதேங்கோ, கரி பிரளுது," என்றார்.

அவர் சொன்னது மெய். என் விரல் கறுத்தது. தூக்கினால் பாரமுமில்லை, விண்கல் என்றால் பாரமாக இருக்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறியிருந்தது. காந்தத்தைப் பிடித்தேன், சற்றே அசைந்தது. செம்மண்ணிலும் இரும்புச் சத்து இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். தார் போன்ற ஒரு மெல்லிய மணமும் இருந்தது. எவனோ கரிக்கட்டியைப் புதைத்திருக்கிறான், இந்த மனிதர் ஏமாந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பாத்தியில் விழுந்ததால் ஒரு பக்கம் செம்மண் அப்பியிருந்தது. ஐயா மத்தியானம் வருவார். முகம் கழுவாத பிள்ளையை அவர் முன்னால் வைக்கலாமா? பதிவேட்டில் இலக்கம் போட்டேன். வாளியில் தண்ணீர் அள்ளினேன். கல்லை மெதுவாக உள்ளே விட்டேன். சில குமிழிகள் வந்தன.

பிறகு இலிகிதருடன் எதிர்க் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மொழிப் பரீட்சை பற்றிக் கதைத்தோம். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. கையை விட்டுத் துழாவினேன். அடியில் சேறு மட்டும் இருந்தது. இந்தப் பக்கம் துழாவி, அந்தப் பக்கம் துழாவி, ஒரு கல்லைத் தண்ணீருக்குள் தொலைக்க முடியுமா என்று பைத்தியக்காரனைப் போல வாளியின் வெளிப்புறத்தையும் பார்த்தேன். கடைசியில் வேட்டித் துண்டொன்றில் வடித்தேன். செம்மண்ணும் கருஞ்சேறும் கலந்து ஒரு பிடி கிடைத்தது.

ஐயா வந்து கேட்டார். சொன்னேன். அவர் சேற்றை விரலில் தொட்டு மணந்தார். கழுவாத ஒன்றை அவர் தொட்டதை அன்றுதான் கண்டேன். பிறகு அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து அந்த அரைப் பக்கத்தை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

"பெட்டிக்குள்ளை ஏதும் மிச்சம் கிடக்கோ?"

சருகில் ஒட்டியிருந்த துகள்களைக் கடதாசியில் தட்டினோம். ஒரு தேக்கரண்டி தேறாது. அதைக் காய்ந்த பரிசோதனைக் குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் சரித்துப் பிடித்து அடியை மட்டும் சூடாக்கினார். குழாயின் மேற்பக்கத்தில், நெருப்புப் படாத குளிர்ந்த இடத்தில், துளித் துளியாக நீர் கட்டியது. அதற்குப் பிறகு ஒரு மண்ணிறக் கோடு, தார் மணம். ஐயா விளக்கை அணைத்துவிட்டு அந்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்தத் தண்ணி பூமியின்ரை இல்லை," என்றார். "மற்றக் கல்லெல்லாம் வெந்து உருகி வந்தது. உது வேகாதது. சூரியன் உண்டாகேக்கை எப்பிடி இருந்ததோ அப்பிடியே வந்திருக்கு. உலகத்திலை இதுவரைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லுத்தான் உப்பிடி விழுந்திருக்கு. தண்ணியிலை போட்டால் கரைஞ்சு போமெண்டு இதிலை எழுதியிருக்கு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் ஏறக்குறையக் கேட்கவில்லை.

"வடிச்ச சேறு இருக்கையா. அதைக் கொழும்புக்கு அனுப்பலாம்," என்றேன்.

"செம்மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் சேத்து அனுப்பிப்போட்டு என்னெண்டு எழுதுறது? வாளிக்குள்ளை ஊறப் போட்டம் எண்டோ?" புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்தபடி, "நான் வாற வருசம் பென்சன். உமக்கும் இன்னும் நிரந்தரமாகேல்லை எல்லே," என்றார்.

மிரட்டல் ஒன்றுமில்லை. கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். நானும் கணக்குத்தான் பார்த்தேன். அறிக்கை ஒரே வரி: பரிசோதனைக்குக் கிடைத்த பொருள் கரி கலந்த மண்கட்டி, விண்கல் அன்று. பரிசோதித்தவர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டேன். ஐயா கீழே இட்டார். முத்திரை குத்தித் தபாலில் போட்டதும் நான்தான். வாளியை இரண்டு தரம் கழுவினேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே வல்லிபுரத்தார் வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்ப கல்லைத் தாங்கோ தம்பி, கொண்டு போறன்."

"சோதினைக்குப் பாவிச்சு முடிஞ்சுது அண்ணை."

"முழுக் கல்லுமோ?"

"ஓம்."

அவர் பின்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அப்ப நான் கண்டது என்ன, தம்பி?"

"வெயிலுக்குள்ளை கனநேரம் நிண்டால் சிலவேளை அப்பிடித் தெரியும்," என்றேன்.

கையெழுத்துக்காவது ஐயாவைச் சாட்டலாம், நிரந்தரமாகாத வேலையைச் சாட்டலாம். இந்த வசனத்தை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் ஐயா ஓய்வு பெற்றார், அதன்பின் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. அந்த நாட்களிலேயே அவுஸ்திரேலியாவில் அதே கரி இனத்துக் கல் மழையாகப் பொழிந்ததென்றும், அதற்குள் உயிர்களின் உடலில் உள்ள அமிலங்களைக் கண்டார்கள் என்றும் சஞ்சிகை ஒன்றில் வாசித்தேன். அந்தத் தாளை எவருக்கும் காட்டாமல் மடித்து வைத்தேன். இப்போது தென்துருவப் பனிக்கட்டியில் கல் பொறுக்குகிறார்களாம், கைபடாமல் இடுக்கியால் எடுத்து, உருகிய நீர்கூடப் படாமல் உறைக்குள் இட்டு. சந்திரனிலிருந்து தெறித்து வந்த கல் ஒன்றும் அங்கே அகப்பட்டிருக்கிறதாம். எங்கள் ஊரில் ஒரு கமக்காரர் வாழைச் சருகில் வைத்து, தொடாதே என்று சொல்லித் தந்தாரே!

வல்லிபுரத்தாரைப் பற்றிய செய்தி சுன்னாகம் சந்தைக்கு வெங்காயத்தோடு வரும். அச்சுவேலி வியாபாரி ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கந்தோர்க் கடிதத்தை யாரோ வாங்கிச் சங்கக்கடை வாசலில் உரத்து வாசித்திருக்கிறார்கள். 'வான்கல் வல்லிபுரம்' என்று பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் பேரப்பிள்ளை காலத்துக்கும் உரியாது. பிறகு கிணற்றில் தொடங்கியது. அவர் "போதும்" என்று சொன்ன நேரத்தில் பங்காளி ஒருவன் மிசினை நிறுத்தவில்லை. அரசாங்கத்துக்கே புழுகினவனின் சொல்லுக்கு முறை விடுவதா என்று கேட்டானாம். ஆளுக்கொரு மணிக்கூட்டோடு வந்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம். மண்வெட்டி ஓங்கும் அளவுக்குச் சண்டை வந்ததாம். ஒரு போகம் முடிய அவர் தோட்டத்தையும் கிணற்றுப் பங்கையும் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். காடு வெட்டிக் குடியேறிய இடத்தில் மூத்த மகன் காய்ச்சலில் இறந்துபோனான் என்பது அடுத்த மாரியில் வந்த செய்தி. நான் வெங்காயத்தை நிறுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதிலேயே பத்துப் பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

சென்ற ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். இனி என்னிடமிருந்து பறிக்க ஒன்றுமில்லை என்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. விசாரித்ததில், மனைவியும் போனபின் அவர் வன்னியை விட்டு வந்து நெல்லியடியில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. சுவரில் ஓர் இளைஞனின் படம், அதற்கு நூல் மாலை.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

"முகம் பிடிபடேல்லை. குரல் கல்லுக் கந்தோர்த் தம்பியின்ரை."

இருந்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். வாளி, தேத்தண்ணிக் கடை, குழாயில் கட்டிய நீர், ஒரு வரி அறிக்கை. வெயிலைப் பற்றி நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். முடிந்ததும், "திருப்பிச் சொல்லும்," என்றார். மறுபடியும் சொன்னேன். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் காணத்தான் நான் இவ்வளவு காலம் ஆசைப்பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை.

"அப்ப நான் கண்டது மெய்."

"மெய் அண்ணை."

"பிள்ளை! இஞ்சை ஒருக்கா வா. கல்லு விழுந்தது மெய்யாம். கந்தோரிலை பிழை விட்டிட்டினமாம்."

மகள் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்று கேட்டாள். அவளுடைய முகம் மலரவில்லை. தகப்பனைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "உதை ஏன் இப்ப வந்து சொல்லுறியள்?" என்று பதைத்துப் போய்க் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நான் சத்தியம் பண்ணினனான்."

"என்ன சத்தியம்?"

"கிணத்துச் சண்டை முத்தேக்கை மற்ற நாலு குடும்பமும் சொல்லிச்சினம், கல்லு விழுந்தது பொய்யெண்டு வைரவர் கோயிலிலை கற்பூரம் அடிச்சுச் சொன்னால் எல்லாத்தையும் மறப்பமெண்டு. நான் யோசிச்சன். படிச்ச ஆக்கள் முத்திரை குத்தி எழுதியிருக்கினம். வெயிலுக்குள்ளை அப்பிடித் தெரியுமெண்டு நீரும் சொன்னனீர். அப்ப நான்தான் மாறிக் கண்டிட்டன் எண்டு நம்பினன். மெய்யா நம்பினன், தம்பி. கற்பூரத்தைக் கொளுத்தி, வானத்திலையிருந்து ஒண்டும் விழேல்லை, இது பொய்யெண்டால் என்ரை மூத்தவன் எனக்கில்லை எண்டு, அடிச்சு அணைச்சன்."

வலது உள்ளங்கையை அவர் மடியில் விரித்து வைத்திருந்தார்.

"ஆனால் பிரயோசனம் இல்லை. பொய்யன் எண்டு நானே கோயிலிலை சொல்லிப்போட்டனெல்லே. அதுக்குப் பிறகு ஒருத்தரும் முறை கேக்க வரேல்லை. அதாலைதான் வன்னிக்குப் போனது. அடுத்த மாரிக்கு அவன் போயிட்டான். இவ்வளவு காலமும் அவன்ரை விதியெண்டு இருந்தன்."

மகள் அழத் தொடங்கினாள். "அப்பு, விடுங்கோ, அப்பு," என்றாள். அவர் அவளைக் கேட்கவில்லை.

"அப்ப அவன் போனது உதாலையோ, தம்பி?"

"இல்லை அண்ணை!" என்றேன். எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "அது மலேரியாக் காய்ச்சல். அங்கை குடியேறின கனபேரை அது கொண்டு போனது. நுளம்பாலை வாறது. நீங்கள் அடிச்ச கற்பூரத்துக்கும் அதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. சத்தியமாச் சொல்லுறன்."

வாழ்நாளில் நான் சொன்னவற்றுள் இதைவிட உறுதியான உண்மை வேறில்லை. அவர் தம் கையை என் பிடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். தெரிகிற கண்ணால் என்னைக் கனநேரம் பார்த்தார்.

"உதையும் நீர்தானே சொல்லுறீர்," என்றார்.